தலைப்பாகை: கட்டுவதா, கவிழ்ப்பதா?

5 நவம்பர் 2023, மாலை. கேள்வி, டில்லி துவாரகாவிலிருந்து ஒரு வாசகர்:

தலைப்பாகை தமிழனுக்குச் சொந்தமே இல்லை, மொகலாயர்கள் கொண்டுவந்த சரக்கு, நமக்கு இருந்தது வெறும் துண்டுதான் என்று ஆபீஸில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? கேட்கக் காரணம் உண்டு. மார்கழி பிறப்பதற்குள் தம்பிக்குக் கல்யாணம், பெண் வீடு ஜெய்ப்பூர். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நாற்பது பேரும் சாஃபா, அதாவது அவர்கள் ஊர்த் தலைப்பாகை, கட்ட வேண்டுமாம். ரெடிமேட் வாங்கிவிடலாமா?

5 நவம்பர், இரவு 10.20

ரெடிமேட் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், சரித்திரம் அப்புறம்.

போன வருஷம் குர்கானில் ஒரு கல்யாணம். பராத்தில், அதாவது மாப்பிள்ளை ஊர்வலத்தில், நானும் ஆடினேன். ஆடினேன் என்றால் கையைத் தூக்கினேன். வாடகை சாஃபா, உள்ளே அட்டை, பின்னால் எலாஸ்டிக். டோல் மேளம் அடிக்கிறவர் காதுக்குப் பக்கத்தில் வந்ததும் உற்சாகத்தில் ஒரு குதி குதித்தேன். நான் கீழே வந்தேன், சாஃபா வரவில்லை. பின்னால் போய் விழுந்து, மாப்பிள்ளையின் குதிரைக் காலில் மிதிபட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்குத் தலைப்பாகையோடு முந்நூறு ரூபாய் டெபாசிட்டும் போயிற்று.

மொகலாயர் விஷயம் சுத்தத் தப்பு. பாபர் பானிபட்டில் ஜெயித்தது 1526இல். சாஞ்சியின் தோரண வாயில்கள் அதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முந்தியவை. அதில் செதுக்கியிருக்கும் ஆண்களைப் பாருங்கள், தலையில் சுற்றிய துணி, நெற்றிக்கு மேல் பந்து மாதிரி புடைத்த முடிச்சு. வேதச் சடங்குகளில் இதற்கு உஷ்ணீஷம் என்று பெயர். டில்லியிலிருந்து ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் போபால் வருவதற்கு முன் ஜன்னல் பக்கம் பார்த்தால் குன்றின் மேல் ஸ்தூபி தெரியும். முடிச்சு தெரியாது, அதற்கு இறங்கித்தான் போக வேண்டும்.

6 நவம்பர், காலை 7.05

ராத்திரி கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். ஆபீஸ்காரர் சொன்னதில் துளி நியாயம் உண்டு. பொருள் பழசு, ஆனால் பெயர்களில் பாதி வந்தேறி.

உருமால் என்பது பாரசீகம். ரூ என்றால் முகம், மால் என்றால் துடைப்பது. முகம் துடைக்கிற துணி எங்கள் கொங்கு நாட்டில் மாப்பிள்ளையின் தலைக்கு ஏறிவிட்டது. உருமால் கட்டாமல் சீர் முடியாது. முண்டாசு என்ற சொல் மராத்தியிலும் கன்னடத்திலும் அப்படியே இருக்கிறது. பரிவட்டம் கோயிலுக்குச் சொந்தம். அரை முழப் பட்டுத் துணிதான், ஆனால் அது முதலில் யார் தலைக்கு என்பதில் ஊர் இரண்டாகி கோர்ட்டுப் படி ஏறியதெல்லாம் நடந்திருக்கிறது.

நமக்கே உரிய சுற்றுத்துணி ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: சும்மாடு. தண்ணீர்க் குடத்துக்கும் செங்கலுக்கும் அடியில் பழைய துணியைத் திருகி வட்டமாக்கி வைக்கிறோமே, அதுதான். அழகுக்கும் இல்லை, அந்தஸ்துக்கும் இல்லை. புதுடில்லி ஸ்டேஷன் போர்ட்டர் நம் பெட்டியைத் தூக்குமுன் தோளிலிருந்து துணியை எடுத்து இரண்டு திருகு திருகுகிறாரே, அவருக்கும் நம் ஊர்ச் சித்தாளுக்கும் கை ஒரே மாதிரிதான் போகிறது.

முல்லைப்பாட்டில் பாசறையைச் சுற்றிக் காவல் காக்கும் கிழவர்கள் “துகில் முடித்து” நடக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் ஆடி ஆடி வருகிறார்கள் என்று புலவர் சொல்வது கூடுதல் ருசி. அது தலைப்பாகையா, மயிரைக் கட்டிய துணியா என்று வாதாடலாம். தலையில் துணி இருந்தது, அவ்வளவு போதும்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான் என்றால் திவால். தலையில் துண்டைக் கட்டினான் என்றால் வேலைக்கு இறங்கிவிட்டான். துண்டு ஒன்றுதான்.

6 நவம்பர், இரவு 11

“கட்டத் தெரிந்தவர் போலப் பேசுகிறீர்களே, கட்டியிருக்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டியதில்லை. மறுமுனையைப் பிடித்திருக்கிறேன்.

ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டாம் மாடி. எதிர் வீட்டில் சிங் அங்கிள். அப்பாவும் அவரும் ஒரே பஸ்ஸைப் பிடிப்பவர்கள். எனக்கு எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை காலை ஏழரைக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. கதவு திறக்கும், “ஓய் மதராஸி!” என்று குரல் வரும், நான் ஒரு கையில் இட்லியோடு மாடிப்படித் திருப்பத்துக்கு ஓடுவேன். இட்லியை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் துணி கைக்கு வரும்.

ஃபுல் வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணி, ஆறு மீட்டர். நடுவில் நீளவாக்கில் ஒரு தையல். இரண்டு பாதியாக வெட்டி அகலத்துக்குச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். லேசாகத் தண்ணீர் தெளித்திருக்கும். அவர் இரண்டு மூலை, நான் இரண்டு மூலை. இழுக்க வேண்டும், சும்மா இல்லை, பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். பிறகு மூலையோடு மூலை சேர்த்து மடிப்பு, மறுபடி இழுப்பு, மறுபடி மடிப்பு. கடைசியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும். இதற்குப் பூணி என்று பெயர். நூல் நூற்கிற பஞ்சுத் திரிக்கும் பஞ்சாபியில் அதே பெயர்தான். பூணி சரியில்லை என்றால் தலைப்பாகை முழுக்கக் கோணல். அந்தக் கோணலுக்கு ஆபீஸில் நாள் முழுக்க நான்தான் காரணம்.

அதற்குப் பிறகு அவர் வாசல் கண்ணாடிக்குப் போய்விடுவார். தலையில் முதலிலேயே ஒரு சின்னப் பட்டைத் துணி கட்டியிருக்கும், ஃபிஃப்டி என்பார்கள். நெற்றியில் முக்கோணமாக எட்டிப் பார்ப்பது அதுதான். பூணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றுவார். ஒரு சுற்று இடப்பக்கம் இறங்கும், அடுத்தது வலப்பக்கம் இறங்கும், ஒன்றன் மேல் ஒன்று ஒரு விரல் தள்ளி. பல்லில் துணி இருப்பதால் பேச்சு கிடையாது. ஏதாவது கேட்டால் “ம்ம்” மட்டும் வரும், அதில் கோபமா சிரிப்பா என்று நான் கற்றுக்கொண்டிருந்தேன். கடைசி முனையைப் பின்னால் செருகி, கடித்த முனையை விடுவித்து உச்சியில் விரித்து மூடி, சலாய் என்ற கம்பியால் காதோர முடியை உள்ளே தள்ளினால் முடிந்தது. ஏழு நிமிஷம். பஸ் எட்டு ஐந்துக்கு.

இன்னொன்று, அவர்கள் வீட்டில் ரொட்டி, எங்கள் வீட்டில் சோறு. வடித்த கஞ்சி தினமும் ஒரு சொம்பு எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும், தலைப்பாகைக்குப் போட. சிங் அங்கிள் ஒரு புது ஆளிடம் தன் தலையைத் தொட்டுக் காட்டி, “இது மதராஸ் அரிசியில் நிற்கிறது” என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

8 நவம்பர்

ஹெல்மெட் பற்றிக் கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 129ஆம் பிரிவு. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு. பிரிட்டனில் 1976இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். டில்லியில் 2014இல் பின்னால் உட்காரும் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றபோது சீக்கியப் பெண்களுக்கு மட்டும் அவரவர் விருப்பம் என்று விட்டார்கள். உங்கள் தம்பி சாஃபாவோடு ஸ்கூட்டரில் போனால் அபராதம் உண்டு.

நிறம் பற்றிக் கேட்டவருக்கு: எல்லா நிறத்துக்கும் அர்த்தம் தேடாதீர்கள். சட்டைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதும் ஒரு அர்த்தம்தான். மன்மோகன் சிங்கின் வெளிர் நீலத்துக்குக் காரணம் கேம்பிரிட்ஜ் என்று அவரே சொல்லியிருக்கிறார், அது அவர் படித்த பல்கலைக்கழகத்தின் நிறம். சிங் அங்கிளிடம் ஏழு தலைப்பாகை இருந்தது. திங்கட்கிழமைக்கு மெரூன். காரணம் கேட்டதற்கு, “திங்கட்கிழமை என்று எனக்குத் தெரிய வேண்டாமா” என்றார்.

9 நவம்பர், இரவு

டில்லியில் உட்கார்ந்து தலைப்பாகை பேசிவிட்டு இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1739இல் நாதிர் ஷா டில்லியைச் சூறையாடினான். பேரரசர் முகமது ஷா ரங்கீலா கோஹினூர் வைரத்தைத் தன் தலைப்பாகைக்குள் மடித்து வைத்திருந்தார். அந்தப்புரத்துப் பெண் ஒருத்தி மூலம் விஷயம் கசிந்தது. விடைபெறும் நாளில் நாதிர் ஷா சிரித்துக்கொண்டே, “நாம் இனி சகோதரர்கள், வழக்கப்படி தலைப்பாகை மாற்றிக்கொள்வோம்” என்றான். தலைப்பாகை மாற்றிக்கொள்வது சகோதர உறவுக்கு அடையாளம், மறுக்க முடியாது. சபை நடுவில் வைரம் கை மாறியது, சத்தமே இல்லாமல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதற்கு இதைவிட உதாரணம் உண்டா?

11 நவம்பர்

உதாரணம் உண்டு, ஆனால் இது இல்லை. அந்தக் கோஹினூர் கதை கட்டுக்கதை. நாதிர் ஷாவின் காலத்து வரலாற்றை எழுதிய பாரசீகர் முகமது காசிம் மார்வி, வைரம் மயிலாசனத்தில் பதித்திருந்ததாகத்தான் எழுதுகிறார். தலைப்பாகை நாடகம் வெகு காலம் கழித்து டில்லியில் வாய்வழியாகப் பரவியது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு ஜோடனை கூடிவிட்டது. பள்ளியில் சரித்திர மாஸ்டர் சொல்லி நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். தலைப்பாகை மாற்றிச் சகோதரர் ஆகிற வழக்கம் மட்டும் நிஜம். அதற்கு அவமரியாதை வடிவமும் உண்டு, இந்தியில் ஒருவரின் “பகடியை (தலைப்பாகையை) எறிவது” என்றால் மானத்தை வாங்குவது.

ஒன்றும் தெரியாதது போல அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். ஏற்கெனவே பதினோரு பேர் பாராட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும்.

13 நவம்பர்

தீபாவளிப் புகையில் ஜன்னல் திறக்க முடியவில்லை. மஃப்ளரை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். சகாரா பாலைவனத்து துவாரெக் ஆண்கள் வருஷம் முழுக்க இப்படித்தான் இருப்பார்களாம். தகெல்முஸ்த் என்ற நீளத் துணியைத் தலையில் சுற்றி, மிச்சத்தை முகத்தின் குறுக்கே இழுத்துவிடுவார்கள். முகத்தை மூடுவது அங்கே ஆண்கள், பெண்கள் முகத்தை மூடுவதில்லை. தண்ணீர்ப் பஞ்சமான இடம் என்பதால் அவுரி நீலத்தைத் துணியில் நனைக்காமல் அடித்து ஏற்றுவார்கள், பளபளவென்று மின்னும். அது தோலில் ஒட்டிக்கொண்டு ஆட்களே நீலமாகிவிடுவார்கள்.

சரி, துருக்கிக்கு வருகிறேன், எனக்கு ஒரு பாவமன்னிப்பு பாக்கி இருக்கிறது. டர்பன் என்ற ஐரோப்பியச் சொல் பாரசீக துல்பந்த், துருக்கிய துல்பெந்த் வழியாக வந்தது. டியூலிப் பூவும் அதே சொல்தான்! பூவின் உருவம் தலைப்பாகை மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னதை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் பூவின் பெயராகவே பிடித்துக்கொண்டார்கள் என்பார்கள். பிப்ரவரியில் சாணக்யபுரி ரவுண்டானாவில் டியூலிப் பூக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், அத்தனையும் குட்டித் தலைப்பாகை.

ஆட்டோமன்காரர்கள் துணியை நேரே தலையில் சுற்றவில்லை. கவுக் என்ற உயரமான தொப்பி, அதன் மேல் துணி. யாருக்கு எவ்வளவு பெரிசு என்பதில் பதவி தெரியும். செத்த பிறகும் விடவில்லை, கல்லறைக் கல்லின் உச்சியில் அவரவர் தலைப்பாகையைச் செதுக்கி வைத்தார்கள். 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் ஃபெஸ் என்ற சிவப்புக் குல்லாயைக் கட்டாயமாக்கினார். தலைப்பாகை மதகுருமாருக்கு மட்டும். அந்தக் குல்லாய் பல இடங்களில் ஏற்கெனவே சுற்றுத்துணிக்கு அடியில் இருந்ததுதான். துணியை உருவிவிட்டார், உள்ளே இருந்த குல்லாய் வெளியே வந்தது. ஊழியர்கள் எல்லாம் ஒரே உயரம் ஆனார்கள். அடுத்த நூறு வருஷத்துக்குள், 1925இல், தொப்பிச் சட்டம் வந்து ஃபெஸ்ஸையும் ஒழித்து ஐரோப்பியத் தொப்பியை வைத்தது.

இதை எழுதும்போதுதான் முதல் நாள் நான் சொன்னது உறுத்துகிறது. ரெடிமேட் வேண்டாம் என்றேன், ஏதோ ரெடிமேட் என்பது எலாஸ்டிக் காலத்துச் சீரழிவு மாதிரி. ஆனால் கவுக் மேல் சுற்றிய துணி தினமும் அவிழ்க்கப்படுவதில்லை. பம்பாய்ப் பார்சிகளின் பளபளப் பகடி கெட்டியாகச் செய்து வைத்தது, தொப்பி போல எடுத்து வைப்பார்கள். 2009இல் புவிசார் குறியீடு வாங்கிய புணேரிப் பகடி தைத்து வருவது. இன்று மேடைக்கு மேடை போர்த்தும் பொன்னாடையோடு வரும் மைசூர்ப் பேட்டாவும் முன்னாலேயே கட்டி வைத்ததுதான், இல்லாவிட்டால் சிறப்பு விருந்தினருக்குக் கட்டி முடிக்கும் வரை மைக்கில் யார் பேசுவது?

ஆக, என் தலையில் இருந்து விழுந்ததற்கு ஒரு இருநூறு வருஷப் பரம்பரை உண்டு. எலாஸ்டிக் மட்டும் புதுசு.

(பகடி என்றதும் மும்பை உறவினர் ஒருவர் நினைவு. மாட்டுங்காவில் பகடி வீட்டில் இருக்கிறார். தலைப்பாகை வீடு இல்லை. ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுக் காலத்துக்கும் சொற்ப வாடகையில் குடியிருக்கும் ஏற்பாடு. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் வந்துதான் அதற்குச் சட்ட அங்கீகாரம். மாத வாடகை நூற்றுச் சொச்சம், கூரை ஒழுகுகிறது. தமிழில் பகடி என்றால் என்ன என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது.)

16 நவம்பர்

ஐரோப்பாவிலும் தலைப்பாகை இருந்ததற்கு யான் வான் ஐக் 1433இல் வரைந்த சிவப்புத் தலைப்பாகை மனிதனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார் ஒருவர். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, பிரமாதமான படம், மறுக்கவில்லை. ஆனால் அது தலைப்பாகை இல்லை, ஷப்பரோன். முகத்துக்கு ஓட்டை விட்டுத் தோள் வரை மூடும் குளிர்க் குல்லாய். எவனோ ஒரு நாள் முகம் நுழைகிற ஓட்டையை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டான், அது பாஷன் ஆகிவிட்டது. பின்னால் தொங்கும் வாலை எடுத்துத் தலையில் சுற்றினால் அந்தப் படம். ஸ்வெட்டரைத் தலைகீழாக மாட்டிக்கொள்ளும் என் பேரனுக்கு எதிர்காலம் இருக்கிறது.

18 நவம்பர், சனிக்கிழமை

இன்று லீவு, கொஞ்சம் நீளமாக. தலைப்பாகையில் தமிழனுக்கு என்ன பங்கு என்ற மூலக் கேள்விக்கு எனக்குத் தோன்றுகிற சரியான பதில் இதுதான். கட்டியதைவிட நெய்து அனுப்பியதில் நம் பங்கு பெரிசு.

நான் இருபத்து மூன்று வருஷம் ஓக்லாவில் துணி ஏற்றுமதி வேலையில் இருந்தவன். அலமாரியில் ஒரு பழைய சாம்பிள் புத்தகம் இருந்தது, மேலே ஆர்.எம்.எச்.கே. என்று எழுதியிருக்கும். ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப். சிவப்பும் மஞ்சளும் நீலமும் குறுக்கு மறுக்காக ஓடும் கட்டம் போட்ட பருத்தித் துணி. நம் ஊரில் கைலிக்கட்டம் என்று அலட்சியமாகச் சொல்வோமே, அதன் அண்ணன். சென்னையைச் சுற்றியும் வடக்கே சீராலா வரைக்கும் கைத்தறியில் நெய்தார்கள். கைக்குட்டை என்பது பெயருக்குத்தான், ஒவ்வொரு சதுரமும் ஒரு கஜம். அதில் மூக்கைச் சிந்துகிற மூக்கு எங்கேயும் கிடையாது.

இது எங்கே போயிற்று? மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்கிறார்கள். உடுத்துவார்கள், சடங்குக்கு வைத்திருப்பார்கள். அந்தப் பெண்கள் சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, அதே கட்டத்திலிருந்து வேறொரு வடிவத்தை எடுப்பார்கள். முதல் தடவை அந்தத் துணியைப் பார்த்தபோது பூச்சி அரித்தது என்று நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. கரிபியன் தீவுகளுக்கும் போயிற்று. மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா, எல்லா இடத்திலும் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு மெட்ராஸ் என்றே பெயர். இன்றைக்கும் தேசிய உடையில் அது இருக்கிறது. கட்டும்போது முனைகளை நிமிர்த்தி விடுவார்கள், எத்தனை முனை என்பதில் சேதி: ஒன்று என்றால் மனசு காலி, இரண்டு என்றால் ஆள் இருக்கிறான், மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு என்றால், ஆகிவிட்டது, ஆனாலும் முயன்று பார்க்கலாம். அந்த நான்காவதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நைஜீரியக் கதையோடு நிறுத்தியிருக்கலாம்.

தமிழ்க் கூலிகள் அந்தத் தீவுகளில் சிலவற்றுக்குக் கப்பலேறியது 1853 முதல். துணி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கரும்புத் தோட்டத்தில் இறங்கிய ஒரு ஆம்பூர்க்காரனோ நாகப்பட்டினத்தானோ, எதிரே வரும் கறுப்புப் பெண்ணின் தலையில் தன் ஊர்க் கட்டத்தைப் பார்த்திருப்பான். அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். அமெரிக்காவின் லூசியானா ஸ்பெயின் வசம் இருந்த 1786இல் கவர்னர் மிரோ ஒரு உத்தரவு போட்டார்: சுதந்திரமான கறுப்புப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு திரியக் கூடாது, துணியால் கட்டி மூட வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களுக்குப் போட்டியாக இருக்கிறார்களாம். அடிமைகளோடு அவர்களைச் சேர்த்துக் காட்டத்தான் அந்தத் துணி. அவர்கள் மூடினார்கள். கிடைத்ததிலேயே பளிச்சென்ற துணியை எடுத்து, உயரமாகக் கட்டி, இறகும் நகையும் செருகி மூடினார்கள். தின்யோன் என்று அதற்குப் பெயர். உத்தரவில் என்ன மாதிரித் துணி என்று எழுத மறந்துவிட்டார் கவர்னர்.

20 நவம்பர்

“அவமானத்துக்குக் கட்டச் சொன்னது அங்கே, அவமானத்துக்கு அவிழ்க்கச் சொன்னது இங்கே” என்று ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். இந்தக் கேள்வி பதில் முழுவதிலும் உருப்படியான வரி அது.

எங்கள் ஊரில் நானே பார்த்தேன், 1980களில், கோடை லீவில். அப்பாரு, அதாவது தாத்தா, திண்ணையில் உட்கார்ந்திருப்பார், தலையில் உருமால். கிணறு வெட்டுகிறவர் ஒருவர் கூலி கேட்க வருவார். தெரு முனையில் அவர் தலையில் துண்டு கட்டியிருக்கும், வாசலுக்கு வரும்போது அது கக்கத்தில் இருக்கும், சில சமயம் இடுப்பில். நடுவில் எந்த இடத்தில் அவிழ்த்தார் என்று பிடிக்கவே முடியாது, அவ்வளவு பழகிய கை. டில்லியில் சிங் அங்கிளோடு குருத்வாராவுக்குப் போனால் தலையை மூடாமல் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் கர்ச்சீஃப் கொடுப்பார்கள். மூடினால் மரியாதை. ஊரில் அந்த மனிதர் மூடியிருந்தால் திமிர். அப்பாருவிடம் ஏன் என்று கேட்டேன். “அது அப்படித்தான்” என்றார். நல்ல மனிதர்தான் அவர். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாரதியின் முண்டாசை இங்கே சேர்க்காதீர்கள், அது காசியில் தொற்றியது. விவேகானந்தரின் தலைப்பாகைக்கு கேத்ரி ராஜாதான் காரணம் என்பார்கள், ராஜஸ்தானத்து அனல்காற்றுக்கு. சி.வி. ராமன் கடைசி வரை கழற்றாதவர், அதற்கு அவர் சொன்னதாகப் பல காரணங்கள் உலவுகின்றன. கோஹினூருக்குப் பிறகு எனக்குத் தைரியமில்லை.

27 நவம்பர், குருபூரப் (குரு நானக் பிறந்த நாள்)

சிங் அங்கிள் 1984இல், டில்லியில் சீக்கியர்களை வீடு தேடிக் கொன்ற நாட்களில், அங்கேதான் இருந்தாரா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரமாகப் பதில் போடவில்லை.

இருந்தார். நவம்பர் 1ஆம் தேதி காலை அவர்கள் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நாலு நாள். அப்பா முதலில் செய்த காரியம், எதிர் வீட்டுப் பால்கனிக்குப் போனது. கொடியில் தலைப்பாகைகள் காய்ந்துகொண்டிருந்தன. எந்த வீடு என்று கீழே இருந்தே தெரியும் இல்லையா? ஏழையும் உருவிக்கொண்டு வந்தார், இரண்டு ஈரம் காயாமல் இருந்தது. அம்மா மடித்துத் தன் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். மறுநாள் நாலு பேர் வந்து கேட்டார்கள், அப்பா தமிழிலேயே பதில் சொன்னார், ஒரு வார்த்தை இந்தி இல்லாமல். போய்விட்டார்கள்.

அந்த நாலு நாளும் காலை ஏழரைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பூணி போட்டோம். புடவைப் பெட்டியின் ரசகற்பூர உருண்டை வாசம் அடித்தது.

இதைப் பற்றி மேற்கொண்டு கேட்க வேண்டாம்.

5 டிசம்பர்

துவாரகாக்காரர் திரும்பி வந்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்ததாம். பெண் வீட்டார் ஆள் வைத்து நாற்பது தலைக்கும் நேரிலேயே கட்டியிருக்கிறார்கள், ஒன்றுகூட விழவில்லை. மாமா ஒருவர் மட்டும் அவிழ்க்க மனசில்லாமல் ரயிலில் அப்படியே படுத்துத் தூங்கி, காலையில் எடுத்து மறுபடி வைத்துக்கொண்டாராம். “இது கட்டுவதில் சேருமா, கவிழ்ப்பதில் சேருமா?” என்று கேட்கிறார்.

சிங் அங்கிளும் செய்திருக்கிறார். பஸ் தவறும் நாட்களில் முந்தின நாள் கட்டியதை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு ஓடுவார். அதை அவிழ்க்கும்போதும் சுற்று சுற்றாகத்தான் அவிழ்க்க வேண்டும், தொப்பியைப் போலக் கழற்றக் கூடாது என்பது முறை. அவர் அம்மா, நாங்கள் பீஜி என்போம், சமையலறையிலிருந்து, “அங்கிரேஜ் (வெள்ளைக்காரன்) ஆகிவிட்டாயா!” என்று கத்துவாள். அவர் படியில் இறங்கிக்கொண்டே, “நாளைக்கு, பீஜி!” என்பார். அந்த நாட்களில் எனக்கு இட்லி இரண்டு கையாலும் சாப்பிடக் கிடைக்கும்.

அப்புறம், துணியை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது மீட்டர் இருக்கும், சாயம் போகும், முதல் தடவை தனியாக அலசுங்கள். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம், கயிறாகத் திரித்துவிடும். சோறு வடித்த கஞ்சியை வடிகட்டித் தண்ணீர் கலந்து போடுங்கள், குக்கர் சாதம் என்றால் கடையில் ஸ்டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி ஈரத்தில் மடிக்க வேண்டும். தனியாக முடியாது. எதிர் மூலையைப் பிடிக்க எட்டு வயசுக்கு மேல் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால் போதும், கையைத் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.